அம்பிட்டிய ஏற்றமும் நாலு பிளக்கும்

கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியிலிருந்து முதலில் எடுத்தது முறுக்கு டப்பா. அடுத்து எடுத்தது பட்டுப்புடவை. புடவை மடிப்பிலிருந்து நாலு ஸ்பார்க் பிளக்குகள் உருண்டு மேசைமேல் விழுந்ததும், என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார்.

"இது யாருக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மகளின் மாமியாருக்கு" என்றேன். "பழைய மொரிஸ் மைனர் கார் வைத்திருக்கிறார்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் ஒன்று நிற்கிறது, ஆனால் இப்போது அதில் கோழிகள்தான் குடியிருக்கின்றன என்றார். பிளக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் திரும்பப் புடவைக்குள் வைத்துக்கொடுத்தார். முறுக்கில் மட்டும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஊர் கோயம்புத்தூர். மோட்டார் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் செப்புக் கம்பிக் காயில் சுற்றும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டில் ஒரு பழைய பத்மினி கார் உண்டு. அதன் பிளக்கைக் கழற்றுவதும் மாட்டுவதும் நான்தான். மகள் வித்யா, கண்டியைச் சேர்ந்த சதீஷைக் கட்டிக்கொண்டு இலங்கைக்குப் போய்விட்டாள். சதீஷின் அம்மா லோகநாயகிக்கும் எனக்கும் போக்குவரத்தெல்லாம் போனில்தான். நல்லா இருக்கீங்களா, அங்க மழையா, சர்க்கரை குறைஞ்சுதா. அதற்குமேல் ஒரு வார்த்தை வளராது.

அப்படிப்பட்டவர் ஒரு மத்தியானம் தானாகவே அழைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "சம்பந்தி, நீங்க காரு வேலையெல்லாம் பாப்பீங்கன்னு வித்யா சொல்லிச்சு. ஒங்க ஊருல அம்பாசடருக்குப் போடுற பொயின்ட் செட்டு, கண்டென்சர், நாலு பிளக்கு, இதெல்லாம் வாங்க முடியுமா? என் மொரிஸ் மைனருக்கும் அது சரியா வரும். இங்க இறக்குமதிக்குத் தடை போட்டிருக்காங்க, ஒண்ணும் கெடைக்கல. புள்ளைங்களுக்குத் தெரிய வேணாம்."

அவரிடம் கார் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது! மகளைப் பார்க்கப் போக வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த பயணம் அந்த வாரமே முடிவாயிற்று. மலைப்பாதை என்றாலே என் வீட்டுக்காரருக்குத் தலை சுற்றும். "நீ போய்ட்டு வா ஜெயந்தி, நான் நாயைப் பாத்துக்கறேன்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில். வடை விற்பவர் பாட்டாகவே பாடிக்கொண்டு வந்தார். நம் ஊர் வடை நினைப்பில் வாங்கினால், ஒவ்வொரு வடையின் நெற்றியிலும் ஒரு முழு இறால் மீசையோடு படுத்திருந்தது. கடித்தால் மொறுமொறுவென்று அப்படி ஒரு ருசி. எதிரில் ஒரு சிங்களத் தம்பதி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலிருந்த பெண் எனக்கு மொழிபெயர்த்தாள். "ஜன்னலோரம் எனக்கு" என்கிறாராம் அவர். "போன முறையும் உங்களுக்குத்தானே" என்கிறாராம் அந்தம்மா. மேட்டுப்பாளையம் ரயிலிலும் இதே சண்டையைக் கேட்டிருக்கிறேன்.

கண்டி நிலையத்தில் லோகநாயகி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, குடையை ஊன்றி நின்றார். கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "கொண்டாந்தீங்களா?"

"புடவைக்குள்ள இருக்குதுங்க" என்றேன்.

வெளியே த்ரீவீலர் ஓட்டுநர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். "மிஸ், கார் எங்க மிஸ்?"

"அது ரெஸ்ட்ல இருக்கு. நீ மொதல்ல கியர ஒழுங்கா மாத்து. பல்லு நறநறங்குது."

போகிற வழியில்தான் விஷயம் புரிந்தது. லோகநாயகி முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். இங்கே அதை லேனர்ஸ் என்கிறார்கள். கண்டியில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப்பேர் அந்த மொரிஸ் மைனரில்தான் கிளச்சை மிதிக்கக் கற்றிருக்கிறார்கள். நகர் நடுவிலுள்ள ஏரியை வாவி என்கிறார்கள்; அந்த வாவிக்கரைப் போக்குவரத்துப் போலீஸ்காரர்கூட இவரைப் பார்த்ததும் விறைப்பாக நின்றார்.

வீடு அம்பிட்டியவில், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசித் துண்டு ஏற்றத்தில் ஓர் அரசமரம், அதைச் சுற்றிக் கொண்டை ஊசி போல ஒரு வளைவு. அந்த இடம் வந்ததும் லோகநாயகி பேச்சை நிறுத்திவிட்டு வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

காரணம் சாப்பாட்டு மேசையில் வெளிவந்தது. இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தாள் வித்யா. சதீஷ் பிசைந்துகொண்டே சொன்னார். "போன மாசம் அந்த வளைவுல காரு நின்னு போச்சு அத்தை. எஞ்சின் இழுக்கல. அம்மாவோட அப்பிடியே பின்னுக்கு உருண்டிருக்கு. பின்னால பஸ். பார்த்தவங்க எனக்குப் போன் பண்ணினாங்க. வேலையப் பாதியில விட்டுட்டு ஓடிவந்தேன்."

"நான் பிரேக்கப் புடிச்சிட்டேன்ல?" என்றார் லோகநாயகி.

"அடுத்த தடவ?"

லோகநாயகி சொதியை அள்ளி என் தட்டில் ஊற்றினார். விருந்தினர் விடுதி ஒன்று அந்தக் காரைக் கேட்டிருக்கிறதாம். புல்வெளியில் நிறுத்தி, எஞ்சினை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் மண் கொட்டிப் பூச்செடி வைப்பார்களாம். வெளிநாட்டுக்காரர்கள் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியில் அம்மாவும் மகனும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் ஏறி உட்கார, வாவிக்கரையிலிருந்து வீடுவரை எஞ்சின் அணையாமல் கார் ஏறிவிட்டால் அது லோகநாயகிக்கு. ஒருமுறை அணைந்தாலும் பூச்செடிக்கு.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் இருவரும் வேலைக்குக் கிளம்பியதுதான் தாமதம், கொட்டகையில் தார்ப்பாயை இழுத்தோம். சாம்பல் பச்சை நிறம், வட்டக் கண்கள், கூரைமேல் இன்னும் எல் பலகை. நான் புடவையை இழுத்துச் செருகினேன். லோகநாயகி பானெட்டைத் தூக்கினார்.

பிளக்குகளைக் கழற்றினோம். மூன்று காப்பிப்பொடி நிறத்தில் நன்றாக இருந்தன. ஒன்று கரி பிடித்துக் கறுத்திருந்தது. எல்லாவற்றிலும் முனைகள் தேய்ந்து இடைவெளி அகண்டிருந்தது. பொறி தாண்டிக் குதிக்க வேண்டிய பள்ளம் அது. அகலமாகிவிட்டால், மேடு ஏறும் நேரத்தில் பொறி தவறும். புதுப் பிளக்குகளையும் அப்படியே மாட்டிவிட முடியாது. கத்தி மாதிரி மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜை எடுத்தேன். இரண்டு பிளக்குகளின் வளைந்த கொம்பைப் படிக்கல்லில் பூப்போலத் தட்டி, தகடு லேசாக உரசிக்கொண்டு போகிற அளவுக்குக் கொண்டுவந்தேன்.

லோகநாயகி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து உற்றுப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, "குடுங்க, மத்த ரெண்டையும் நான் தட்டுறேன்" என்றார். தட்டினார். கேஜை விட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர். எந்த சிலிண்டருக்கு எப்போது பொறி போக வேண்டும் என்று பங்கிட்டுக் கொடுக்கிற கிண்ணம் அது. உள்ளே பொயின்ட் என்கிற இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் சேர்ந்து சேர்ந்து பிரியும். பிரியும் கணத்தில் பொறி. புதுப் பொயின்டைப் போட்டு அந்த இடைவெளியையும் சரிசெய்தாயிற்று. இனி டைமிங். முதல் சண்டை அங்கேதான் வந்தது.

"எஞ்சினை ஓடவிட்டு, இந்தக் கிண்ணத்தைக் கொஞ்சங் கொஞ்சமாத் திருப்பணும். எங்க சத்தம் நல்லா வருதோ அங்க இறுக்கணும். இத்தன வருஷமா அப்பிடித்தான்" என்றார் லோகநாயகி.

"ஏனுங்க சம்பந்தி, கீழ சக்கரத்துல குறி வெட்டியிருக்குதே, அது எதுக்கு? பல்பு வெச்சுப் பாக்கலாமுங்க."

"அந்தக் குறி அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு வெட்டினது சம்பந்தி. இப்ப வர்ற பெட்ரோல் வேற."

"குறி குறிதானுங்க."

அவர் உதட்டைச் சுழித்தார். ஆனாலும் உள்ளே போய் ஒரு சின்ன பல்பும் வயரும் கொண்டுவந்தார். பல்பின் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டரிலும் மற்றதைக் கார் உடம்பிலும் மாட்டினேன். சாவியைப் போட்டால், பொயின்ட் பிரியும் கணத்தில் பல்பு எரியும். அந்தக் கணத்தில் கீழே இருக்கிற குறி சரியான இடத்தில் நிற்க வேண்டும். குறியோ எஞ்சினுக்கு அடியில். பாயை விரித்துக் காருக்கடியில் படுத்து, லோகநாயகியின் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன். அவர் முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியால் எஞ்சினை மெதுவாகச் சுற்றினார்.

"எரியுது!" என்று அவர் கத்தினார். பார்த்தேன். குறி இன்னும் வரவில்லை.

"இன்னொரு சுத்து சுத்துங்க."

"எரியுது!" இந்த முறை குறி தாண்டிப் போய்விட்டிருந்தது.

ஒன்றையும் நாங்கள் மாற்றவில்லை, ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வோர் இடத்தில் எரிகிறது. பாயிலிருந்து எழுந்து, டிஸ்ட்ரிபியூட்டரின் நடுத்தண்டை விரலால் பிடித்து ஆட்டினேன். விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

"இதானுங்க! தண்டு தேஞ்சுபோச்சு. அது ஆட ஆட இடைவெளி மாறுது, பொறி நேரங்கெட்டு வருது. எத்தனை பொயின்ட் மாத்தினாலும் ஒரே கதைதான்."

லோகநாயகி தானும் ஆட்டிப் பார்த்தார். கறுப்பு நெய் அப்பிய கையாலேயே என் கையைப் பற்றிக்கொண்டார். "அப்ப எஞ்சின் நல்லாத்தான் இருக்கு! என் எஞ்சின் நல்லாத்தான் இருக்கு சம்பந்தி!" மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது அவருக்கு. எனக்கும்தான்.

வேறு டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும். "மடவளையில ஹனீபா நாநான்னு ஒருத்தர் இருக்காரு. பழைய சாமான் வச்சிருப்பாரு. ஆனா லேசுல குடுக்க மாட்டாரு" என்றார்.

சனிக்கிழமை காலையில் மடவளைக்கு பஸ். "உள்ளே போங்கள், உள்ளே கடலளவு இடமிருக்கிறது" என்று நடத்துநர் சிங்களத்தில் கூவுவதாக லோகநாயகி சொன்னார். உள்ளே எனக்குக் கிடைத்தது ஒற்றைக் காலுக்கான இடம். இறங்கியதும் பள்ளிவாசலுக்கு எதிரே ஹனீபா நாநாவின் கடை. இங்குள்ள முஸ்லிம்கள் அண்ணனை நாநா என்கிறார்கள். கூரைவரை கதவு, கண்ணாடி, ஸ்டீயரிங் வட்டங்கள். நாநா எங்களை உட்காரவைத்து, பால் சேர்க்காத ப்ளேன்டீயும் கடித்துக்கொள்ளக் கித்துல் என்கிற கூந்தற்பனையின் கருப்பட்டித் துண்டும் கொடுத்தார். கருப்பட்டியை வாயில் அதக்கிக்கொண்டு கசப்புத் தேநீரை உறிஞ்சும் அந்த வித்தையைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அப்போதே தீர்மானித்தேன்.

லோகநாயகி விஷயத்தைச் சொன்னதும் நாநா அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு பொருளை எடுத்தார். "ஒண்டு ஈக்கிது மிஸ். யாருக்கும் குடுக்காம வெச்சீந்தது. கொழும்பால வந்தும் கேட்டாங்க. ஏலா எண்டு சென்னேன்." ஏலா என்றால் முடியாது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

நான் வாங்கித் தண்டை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. பாறை! லோகநாயகியைப் பார்த்துத் தலையசைத்தேன்.

"எனக்கும் ஏலாதா நாநா?" என்று அவர் கேட்டார்.

நாநா தாடியைத் தடவினார். "மிஸ்ஸுக்கு எப்பிடி ஏலா எண்டு செல்ற? எங்கட மருமகளுக்கு வாகனம் ஓட்டப் பழக்கிக் குடுங்க. மகன் பழக்கினா ரெண்டு பேருக்கும் சண்ட வருது. மிஸ்ஸிட காருலண்டா பழகுவேன் எண்டு நிக்கிறா."

"காரு ஏறினாத்தான் நாநா."

"ஏறும். அல்லாஹ் காவல். எடுத்துக்கொண்டு போங்க."

திரும்பும் பஸ்ஸில் டிஸ்ட்ரிபியூட்டர் என் மடியில். குறியா, காதா என்ற சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. நடத்துநர் வந்து ஏதோ கேட்டார். லோகநாயகி என்னை மறுத்துக்கொண்டே அவரிடம் தலையாட்டிச் சீட்டு வாங்கினார். நெடுநேரம் கழித்து நான் ஜன்னலில் பார்த்தேன். வரும்போது பார்க்காத ஒரு பெரிய நீர்ப்பரப்பு பளபளத்தது.

"இது எந்த வாவிங்க?"

அவர் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ சம்பந்தி, இது விக்டோரியா டேமு! நாம தெல்தெனியவுக்கு வந்துட்டோம்!"

கண்டிக்கு எதிர்ப்பக்கம் வந்திருக்கிறோம். நடத்துநர் சிரித்துக்கொண்டே சொன்னதை அவர் மொழிபெயர்த்தார். "தெல்தெனியவுக்கா என்று கேட்டேன், அம்மாதான் தலையாட்டினீர்கள்." இறங்கி, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வர, ஒரு கடையில் குரக்கன் ரொட்டியும் காரச் சம்பலும் தின்றோம். குரக்கன் என்பது நம் ராகிதான். சம்பலின் உறைப்பு காது வழியாகப் புகை விட்டது. தண்ணீர்ப் பக்கம் கையை நீட்டி லோகநாயகி சொன்னார். "பழைய தெல்தெனிய டவுன் அதுக்குள்ளதான் முங்கிப்போய் இருக்கு. நான் மொதமொதல்ல வண்டி ஓட்டிப் பழகின ரோடும் அங்கதான். இப்ப மீனு ஓட்டுது."

ஞாயிறு விடிந்ததும் மாட்டினோம். பல்பு இப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடத்தில், குறிக்கு நேராக, பட்டென்று எரிந்தது. காருக்கடியில் படுத்தபடியே கை தட்டினேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. ஊமையாயிருந்த கொட்டகை முழுக்க அந்தத் துடிப்பு. சதீஷ் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

நாங்கள் இருவரும் மட்டும் ஒரு சோதனை ஓட்டம் போனோம். சமதரையில் பட்டு. ஏற்றம் வந்ததும் கொஞ்சம் சோர்ந்தது. "பார்த்தீங்களா?" என்றார் லோகநாயகி. ஓரமாக நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்திலிருக்கிற சின்னத் திருகை முன்னுக்குத் திருப்பினார். பொறி கொஞ்சம் முந்தி வரும். மறுபடி ஏற்றம். இப்போது இழுப்பு கூடியது. இன்னும் திருப்பினார். உள்ளே டப்பாவில் காசு குலுக்குகிற மாதிரி 'கிளிங் கிளிங்' என்று ஒரு சத்தம்.

"நிறுத்துங்க! நாக் அடிக்குது. ரொம்ப முந்திப்போச்சு, பிஸ்டன் போயிரும்" என்று நான் அலறினேன்.

"கேக்குது, கேக்குது." பின்னுக்குத் துளி திருப்பினார். மறுபடி ஏறினோம். சத்தம் இல்லை. இழுப்பு இருந்தது. குறியைத் தாண்டித்தான் நின்றது அந்த இடம்.

மத்தியானம் நாலு பேரும் வாவிக்கரையில் ஏறினோம். நான் முன்னால், பிள்ளைகள் பின்னால். சதீஷ் என் சீட்டின் முதுகைப் பிடித்திருந்தது எனக்கே தெரிந்தது. லோகநாயகி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டுக் கிளப்பினார்.

கடைத்தெருவைத் தாண்டினோம். முதல் மேடு. இரண்டாவது மேடு. எஞ்சின் தாளம் பிசகவில்லை. கடைசித் துண்டு ஏற்றம். இரண்டாம் கியர். அரசமரம் தெரிந்தது. வளைவில் மூக்கை நுழைத்த அதே நொடியில், மேலேயிருந்து ஒரு பஸ் வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு இறங்கியது.

லோகநாயகி நிறுத்தினார். வேறு வழியில்லை. வளைவின் நடுவில், ஏற்றத்தின் உச்சத்தில், நாலு பேர் பாரத்தோடு கார் நின்றது. பின்னால் ஒரு வேன் வந்து ஒட்டி நின்றது. பஸ் ஊர்ந்து ஊர்ந்து எங்களைக் கடந்தது.

"அம்மா..." என்றார் சதீஷ். வித்யா அவர் கையைப் பிடித்தாள்.

"ஒருத்தரும் பேசக் கூடாது" என்றார் லோகநாயகி. அது அம்மாவின் குரல் இல்லை, மிஸ்ஸின் குரல்.

கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்திருந்தார். எஞ்சின் அணையவில்லை, நின்ற இடத்தில் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. முதல் கியர். ஆக்சிலேட்டரை மிதித்தார். கிளச்சை மயிரிழை மயிரிழையாக விட்டார். கார் பின்பக்கம் அமுங்கி உட்கார்ந்தது. எஞ்சின் சத்தம் தாழ்ந்தது, தாழ்ந்தது. இதோ அணையப் போகிறது என்று நான் கண்ணை மூடினேன். அந்த இடத்தில் அது பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாக, நேரம் தவறாமல், என் பாதத்தில் கேட்டது. அவர் கைப்பிரேக்கை விடுவித்தார். ஓரங்குலம்கூடப் பின்னால் உருளவில்லை! கார் அரசமரத்தைச் சுற்றி, தும்பிக்கையைத் தூக்கிய குட்டி யானை மாதிரி மேலே ஏறியது.

நான் டாஷ்போர்டைத் தட்டிக் கத்தினேன். வித்யா விசிலடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்குப் புதிது. பின்னால் வந்த வேன்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தார். அது கோபமா வாழ்த்தா என்று தெரியாது. வாழ்த்தென்றே எடுத்துக்கொண்டோம்.

வீட்டு வாசலில் சதீஷ் இறங்கி, அம்மா பக்கத்துக் கதவைத் திறந்தார். "எனக்கு அந்த ஹேண்ட்பிரேக் ஸ்டார்ட்ட சொல்லித் தர்றீங்களாம்மா? கிளச் இல்லாத ஒட்டோ கியர் ஓட்டி ஓட்டி எனக்கு அது வரவே இல்ல."

"கியூல நில்லு. மடவளையில ஒரு புள்ள ஒனக்கு முன்ன இருக்கு" என்றார் லோகநாயகி. சொல்லி முடித்ததும் ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்து, நெடுநேரம் அழுதார்.

திங்கட்கிழமை பிள்ளைகள் வேலைக்குப் போனதும், என்னைக் காரில் ஏற்றி ஹந்தானைப் பக்கம் தெரிந்தவர் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். தேயிலைக்கு நடுவே தனிப்பாதை, ஆள் நடமாட்டம் இல்லை. எஞ்சினை அணைக்காமலே இறங்கி, சுற்றிவந்து என் பக்கக் கதவைத் திறந்தார். "நகருங்க. நீங்க ஓட்டுங்க."

ஓட்டினேன்! பத்மினியைவிடச் சின்ன ஸ்டீயரிங், ஆனால் கைக்கு உயிரோடு பேசியது. மேடு, பள்ளம், ஓடைப் பாலம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

"ஜெயந்தி!" பக்கத்திலிருந்து ஓர் அதட்டல். "என்ன வண்டி ஓட்டுற நீ? கிளச்சுல இருந்து கால எடு மொதல்ல!"

எடுத்தேன். கார் ஒரு துள்ளு துள்ளி மேட்டில் ஏறியது.